வீ தி ஃபிஃப்டீன்
உலக ஜனத்தொகையில் 15 சதவீதத்தினர், அதாவது சுமார் 120 கோடிப் பேர், மாற்றுத்திறனாளிகள் என 2021இல் வழங்கிய மதிப்பீட்டையே பெயராகக் கொண்டு, அவர்களுடைய உரிமைகளையும் சமூகப் பங்கேற்பையும் சமூக ஊடகங்கள் வாயிலாக வற்புறுத்தும் சர்வதேசப் பிரசார இயக்கம். டோக்கியோ பாராலிம்பிக் போட்டிகளுக்குச் சில தினங்கள் முன்னர், 2021 ஆகஸ்ட் 19 அன்று, சர்வதேச பாராலிம்பிக் குழு, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் கூட்டணி முதலிய ஸ்தாபனங்கள் இதனைப் பத்தாண்டுத் திட்டமாகத் தொடங்கின. அதையொட்டிப் பல நாடுகளில் பிரசித்தி பெற்ற கட்டடங்கள் ஊதா ஒளியில் விளங்கின. இயக்கத்தின் தொடக்கக் குறும்படம் விசேஷ கவனத்துக்குரியது: மாற்றுத்திறனாளிகளை அதிசயப் பிறவிகளாக வியப்பதும் அனுதாபத்துக்குரியோராக நோக்குவதும் ஒருங்கே அவர்களைப் புறத்தே நிறுத்துவனவே என மறுத்து, வீட்டுக் கடன் உடையோராகவும், தொட்டிச் செடியை வாடவிடுவோராகவும், மணம் புரிவோராகவும் சாதாரண ஜீவிதத்தில் வைத்தே அவர்களைக் காட்டுகிறது. இத்தகைய பிரசாரத்தில் காணொளிக்கு வசன வரிகளும், பார்வையற்றோர் திரைவாசிப்பான் மூலம் கேட்டறியும் பட விளக்கமும் இன்றியமையாத அங்கங்கள்.