தோளுக்கினியான்

வருஷத்துக்கு 2 தடவை அண்ணாமலையாரே கிரிவலம் வருவார். தீபம் முடிஞ்ச பிறகு ஒண்ணு, தை மாசம் திருவூடல் முடிஞ்ச மறுநாள் இன்னொண்ணு. நாம பௌர்ணமிக்கு மூச்சு வாங்கிக்கிட்டுச் சுத்துற அதே 14 கிலோமீட்டர்தான். ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு அன்னிக்குச் சாமி வாசலுக்கே வர்ற நாள். கூட்டம் மொத்தமும் சாமியைப் பார்க்கும். எனக்கு என்னவோ கொஞ்ச வருஷமா கண்ணு அவரைச் சுத்தி வர்றவங்க மேலதான் போகுது. குடைக்காரர், சுருட்டி பிடிக்கிறவர், தீவட்டிக்காரர்... திருவிழா நாள்ல மாடவீதிக்குப் போனா, தண்டுக்குத் தோள் கொடுக்கிறவங்க.

அமெரிக்காவுல பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தோட 'கலர் கார்டு'ன்னு ஒரு கோஷ்டி போகும், வீடியோவுல பார்த்திருப்பீங்க. கொடி, மரத்துல செஞ்ச பொய்த் துப்பாக்கி, வாள் இதையெல்லாம் சுழற்றி, மேலே வீசி, பிடிப்பாங்க. பட்டாளத்துல படைக்கொடியைக் காவல் காத்த வழக்கத்துலேர்ந்து வந்த கலை. 1977ல அதுக்குப் போட்டி நடத்த ஒரு அமைப்பே உண்டாச்சு. எந்தச் சுழற்றலுக்கு என்ன பேருன்னு பட்டியல் போட்டுச் சொல்லித் தர்றாங்க. அதைப் பார்த்தப்போதான் உறைச்சுது: கொடியும் குடையும் பிடிச்சுக்கிட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல நடக்கிற நம்ம ஆளுங்களுக்கும் இப்படி ஒரு பாஷை உண்டே, அதை யாரு எழுதி வச்சா?

'விருது'ங்கிற சொல்லையே எடுத்துக்குங்க. இப்ப அது மேடையில கொடுக்கிற கேடயம். பழைய வழக்குல கொடிக்கும் அது பேரு, ராஜாவோட பட்டப்பேருக்கும் அது பேரு. 'சின்னம்'னா இன்னிக்குத் தேர்தல் ஞாபகம் வரும். அன்னிக்கு அது ஊதுற வாத்தியம், கோயில்ல இன்னும் திருச்சின்னம்தான். ஆலவட்டம்னா வட்டமான பெரிய விசிறி. சுருட்டி, நீளக் கம்புல தூக்கிப் பிடிக்கிற துணி விருது (அதே பேர்ல ஒரு ராகமும் இருக்கு, கச்சேரி ரசிகர்கள் குழம்ப வேண்டாம்). ராஜாவுக்கு எதெல்லாம் உண்டோ அதெல்லாம் சாமிக்கும் உண்டு. ராஜாக்கள் போயிட்டாங்க, சாமிகிட்ட மட்டும் அந்த சாமானெல்லாம் தங்கிடுச்சு.

பெரிய புராணத்துல சம்பந்தருக்கு நெல்வாயில் அரத்துறையில சிவபெருமான் கொடுத்தது மூணு: முத்துச் சிவிகை, குடை, சின்னம். சின்னப் பிள்ளை நடந்து களைச்சுப் போகுதுன்னு கொடுத்தாராம். அதே சிவிகையைத் திருப்பூந்துருத்தியில அப்பர் கூட்டத்தோட கூட்டமா நுழைஞ்சு தோள்ல தாங்கினார். அப்பர் எங்கேன்னு சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து குரல் வருது. தமிழ்நாட்டுல பேர் தெரிஞ்ச ஒரே பல்லக்குத் தூக்கி அவர்தான்னு நினைக்கிறேன். குறள்லகூட சிவிகை சுமக்கிறவனும் அதுல போறவனும் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் பேர் கிடையாது. தஞ்சாவூர்ல ராஜராஜன் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளோட நிறுத்தாம, குடை பிடிக்கிறவங்களுக்கும் நெல்லுப் பங்கு எழுதி வச்சிருக்கு. நம்ம ஊருல? 217 அடி ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு சேவப்ப நாயக்கர் முடிச்சார்னு எந்த கைடும் சொல்வார். அதுக்குக் கீழே வாகனத்தைச் சுமந்து வந்தவங்களைப் பத்திக் கேட்டா அவரும் முழிப்பார்.

பாஷை விஷயத்துல வைணவங்க கெட்டிக்காரங்க. சாமியைத் 'தூக்கறது'ன்னு சொல்ல மாட்டாங்க, 'ஏளப் பண்றது'. எழுந்தருளப் பண்ணுவதுங்கிறது வாய்ல தேய்ஞ்சு தேய்ஞ்சு அப்படி ஆயிடுச்சு. தூக்குறவர் சீர்பாதம் தாங்கி. சின்னப் பல்லக்குக்குப் பேர் தோளுக்கினியான். பேர் வச்சவர் கண்டிப்பா சுமந்து பார்த்தவராத்தான் இருக்கணும்! குதிரை வாகனத்தோட வீதியில ஓட்டமா ஓடுறது வையாளி. அகராதியில பார்த்தா வையாளின்னா குதிரை சவாரி. முன்னும் பின்னுமா அசைஞ்சு அசைஞ்சு போறது ஏசல். புறப்பாடு முடிஞ்ச பிறகு உலாவுற மாதிரி அங்கேயும் இங்கேயும் நடத்திக் காட்டுறது பத்தி உலாத்தல். ஸ்ரீரங்கத்துக்கு நடையழகு, காஞ்சிபுரத்துக்குக் குடையழகுன்னு சொலவடையே இருக்கு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டுமே சாமியோட அழகுன்னு சொன்னாலும் ஒண்ணு தோள்காரங்க வேலை, இன்னொண்ணு குடைக்காரங்க வேலை.

சைவத்துல இதோட உச்சம் திருவாரூர். தியாகராஜருக்கு அஜபா நடனம். திருமால் தன் மார்புல வச்சுப் பூஜை பண்ணினப்போ, அவர் மூச்சுக்கு ஏத்தபடி ஏறி இறங்கினாராம். சுமக்கிறவங்க அந்த மூச்சைத் தோள்ல கொண்டு வரணும். திருநள்ளாறுல உன்மத்த நடனம், வேதாரண்யத்துல ஹம்சபாத நடனம், திருக்காறாயில்ல குக்குட நடனம், அதாவது கோழி மாதிரி. சப்த விடங்கத் தலம் ஏழுக்கும் ஏழு நடை. புராணம் எழுதினவர் பேர் வச்சுட்டுப் போயிடலாம், கோழி நடையைத் தோள்ல காட்டுறது எப்படிங்கிறது சுமந்தவருக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் கிட்ட நின்னு பார்த்தா இதுல இருக்கிற கணக்கு புரியும். ஒரே உயரத்து ஆளுங்களை எதிரெதிரா நிறுத்தணும். ஒருத்தர் குட்டையா இருந்தாப் போதும், பாரம் பக்கத்து ஆளு கழுத்துல இறங்கும். தண்டை சில ஊர்ல வாரைன்னு சொல்வாங்க. வீதி திரும்பும்போது உள் பக்கத்துக்காரங்க கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே கால் மாத்தணும், வெளிப் பக்கத்துக்காரங்க எட்டிப் போடணும். ஆட்டத்துல முன் தண்டு தாழும்போது பின் தண்டு ஏறணும். இதுல யாருக்கும் சாமி முகம் தெரியாது. முன்னாடி இருக்கிறவர் முதுகும், நாதஸ்வரமும், ஒருத்தர் போடுற குரலும்தான். குடைக்காரர் பாடு வேற. காத்துல பெரிய குடை கப்பல் பாய் மாதிரி இழுக்கும், கம்பைச் சாய்க்காம, சாமிக்கு மேலேர்ந்தும் நகராம பார்த்துக்கணும்.

தேர்க்காரங்க சொல் ஒண்ணு நம்ம எல்லார் வாயிலயும் இருக்கு: முட்டுக்கட்டை. ஒரு காரியத்தைக் கெடுக்கிறவனை முட்டுக்கட்டை போடறான்னு திட்டுறோம். அநியாயம்! மாடவீதி முனையில பெரிய தேரைத் திருப்புறதே அந்தக் கட்டைதான். ஒரு சக்கரத்துக்குச் சரியான கோணத்துல கட்டையைக் கொடுத்தா தேர் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பாங்க. உருள்ற சக்கரத்துக்குக் கீழே கட்டையைப் போட்டுட்டுக் கையை எடுக்கிறவர் விரல் விட்டு எண்ணுற ஆளுதான்.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, தீபத்தன்னிக்கு நம்ம கோயில்ல நடக்கிறது முழுக்க இந்த வித்தைதான். சாயங்காலம் பஞ்சமூர்த்திகள் ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஆடிக்கிட்டே தீப தரிசன மண்டபத்துக்கு வந்து உட்கார்றாங்க. 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர். வருஷத்துல அந்த ஒரு தடவைதான் வெளியே வருவார், அதுவும் சில நிமிஷம். ஓட்டமும் ஆட்டமுமா வந்து, அப்படியே திரும்பி உள்ளே போயிடுவார். அந்த நேரத்துல 2668 அடி மலை உச்சியில தீபம் ஏறும். மொத்த ஊரும் மலையைப் பார்த்துத் திரும்பிடும். ஆடினது யாரு காலுன்னு பார்க்க யாருக்கு நேரம்?

இப்ப நிறைய ஊர்ல வாகனத்தைச் சக்கர வண்டியில வச்சுத் தள்ளுறாங்க, டிராக்டர்ல இழுக்கிறாங்க. தப்புன்னு சொல்ல மனசு வரலை. தோள் கிடைக்கலை, பிள்ளைங்க வெளியூர் போயிட்டாங்க, கழுத்தெலும்பு தேய்ஞ்சு போனவங்களுக்கு வைத்தியம் பார்க்க யாரும் இல்லை. ஆனா வண்டியில போற சாமி ஊர்வலம் போகலாம், ஆட முடியாது. வையாளியும் ஏசலும் பத்திரிகையில அச்சடிக்கிற சொல்லா மட்டும் நிக்கும். 2020லயும் 2021லயும் கொரோனா சமயத்துல மாடவீதி உலா இல்லாம, வாகனமெல்லாம் கோயிலுக்குள்ள ஐந்தாம் பிரகாரத்திலேயே சுத்துச்சு. அப்படி ரெண்டு வருஷம் விட்டுப் போறதே பெரிசு, வாயால சொல்லித் தர்ற வித்தைக்கு.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெம்பு. தீபத் திருவிழா 6ஆம் நாள் காலையில 63 நாயன்மார்களையும் தோள்ல வச்சு மாடவீதி சுத்துறது பள்ளிக்கூடத்துப் பசங்க. அப்பரும் அதுல ஒருத்தர். அடுத்த கார்த்திகைக்கு வர்றவங்க 7ஆம் நாள் தேருக்குத்தான் டிக்கெட் போடுவீங்க. ஒரு நாள் முன்னாடி வந்து, வீதி முனையில நின்னு, அந்தப் பசங்க திரும்பும்போது உள் பக்கத்துப் பையன் காலை மட்டும் பாருங்க.