பெயர் மீட்ட படை

படைப்பிரிவின் பெயர் வெறும் அணிகலன் அன்று. 1968இல் முப்படைகளையும் ஒன்றாக்கிய கனடா, 2011இல் கடற்படைக்கும் விமானப்படைக்கும் 'ராயல்' என்னும் பழைய பட்டத்தை மீண்டும் சூட்டியது. அங்கே மீண்டது ஒரு நினைவு.

மகார் சோதரர் மீட்டதோ வாழ்வுரிமை. 1818இல் கோரேகானில் வீரத்துடன் போரிட்ட அம்மக்களைப் 'போர்க்குடியினர் அல்லர்' என ஒதுக்கி, 1890களில் ஆங்கிலேயர் படையில் சேர்ப்பதை நிறுத்தினர். படைவேலையோடு கல்வி வாய்ப்பும் பறிபோயிற்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி ஆசிரியராய் விளங்கியது படைப்பள்ளியிலன்றோ!

முதல் உலகப்போரில் திறந்த கதவு, 111ஆம் மகார் படை 1921இல் கலைக்கப்பட்டபோது மீண்டும் மூடிற்று. அண்ணல் முதலானோரின் வற்புறுத்தலால் 1941இல் மகார் ரெஜிமெண்ட் தோன்றியது. விடுதலை பெற்ற இந்தியாவிலும் அப்பெயர் நிலைத்தது.

இளைஞர்களே, அந்நியர் தந்த பட்டத்தைப் போற்றுமாறு நாம் கூறவில்லை. தந்தவரே பறித்தவரும் ஆவர். பறிபோனதைக் கேட்டுப் பெற்ற விடாமுயற்சியைப் போற்றுங்கள் என்கிறோம்.