‘பிசிபி இல்லை’: ஏசிக்குள் இருக்கும் ஒரு பேணியின் வரலாறு

வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றினால் உள்ளே பால்பேணியிலும் சின்னதாக ஒரு உலோகப் பேணி இருக்கும். அதன் உடம்பில் எத்தனை மைக்ரோபரட், எத்தனை வோல்ற் என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்காவுக்கென்று செய்த பேணிகளில் பெரும்பாலும் இன்னொரு வரியும் ஆங்கிலத்தில் இருக்கும்: ‘பிசிபி இல்லை’. ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுவது விளங்குது. என்ன இல்லை என்று ஏன் எழுத வேணும்?

பாடப்புத்தகத்தில் இதன் பெயர் கொள்ளளவி. ஏசி திருத்துற ஆக்களுக்குக் கப்பாசிற்றர். வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் சிங்கிள் பேஸ் கரண்ட். அது மோட்டருக்குள் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிரச் சுழலாது. அதனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டர் தானாகத் தொடங்காது. மோட்டருக்குள் இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதற்குக் கொள்ளளவியினூடாகக் கரண்ட் கொடுத்தால் இரண்டு சுருள்களின் மின்னோட்டங்களுக்கும் இடையில் ஒரு நேர வித்தியாசம் வரும். புலம் சுழலத் தொடங்கும். கொம்பிரசருக்கும் வெளிவிசிறிக்கும் இதுதான் தொடக்கம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்புகளிலும் இதே வேலைதான்.

வெக்கையில் கிடந்து கொள்ளளவி பலவீனமானால் கொம்பிரசர் உறுமும், ஆனால் ஓடாது. திருத்த வருபவர் மெயினை நிறுத்துவார். நிறுத்திய பிறகும் பேணிக்குள் மின்னேற்றம் நிற்கும் என்பதால் அதை இறக்கிவிட்டுத்தான் மீற்றரை வைப்பார். பேணியில் 35 என்று போட்டிருந்து மீற்றர் 28 காட்டினால் விசயம் முடிந்தது. புதுசு போடுவார், ஏசி ஓடும்.

பழைய பேணிகளுக்குள் இரண்டு உலோகத் தாள்களும், இடையில் காகிதமும், அதை நனைக்க ஒரு திரவமும் இருந்தன. சாதாரண எண்ணெய் என்றால் தீப்பிடிக்கும். 1929இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அனிஸ்ரன் நகரில் ஒரு புதிய திரவத்தை வணிக அளவில் செய்யத் தொடங்கினார்கள்: பொலிகுளோரினேற்றட் பைபீனைல், சுருக்கமாகப் பிசிபி. இலகுவில் தீப்பிடிக்காது, மின்னைக் கடத்தாது, சூட்டில் சிதையாது. மின்தீயைக் கண்டு பயந்திருந்த உலகத்துக்கு இது பெரிய நிம்மதி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் ஏசி பரவியபோது, கொள்ளளவிகளோடு சேர்ந்து பிசிபியும் வீடு வீடாகப் போனது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. குளோரினேற்றிய இத்தகைய சேர்மங்களோடு வேலை செய்த தொழிலாளர்களுக்குத் தோலிலும் ஈரலிலும் பாதிப்புகள் வந்தன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கர் 1937இலேயே இவற்றின் நச்சுத்தன்மை பற்றிய ஆய்வை வெளியிட்டார். உற்பத்தி நிற்கவில்லை.

1960களில் சுவீடனின் சோரன் யென்சன் விலங்குகளின் உடலில் டிடிடி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கருவியில் டிடிடி அல்லாத வேறு சில சமிக்ஞைகளும் திரும்பத் திரும்ப வந்தன. டிடிடி பரவலாவதற்கு முந்தைய கழுகு மாதிரிகளிலும் அவை இருந்தன. அப்படியென்றால் அது பூச்சிமருந்து இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துப் போனார். மீற்றரோடு வருபவர் செய்வதும் இதைத்தான். 1966இல் விடையைச் சொன்னார்: பிசிபி. அவருடைய சொந்தக் குடும்பத்தவரின் தலைமயிரிலும் அது இருந்தது. இரண்டு வருடம் கழித்து, 1968இல், மேற்கு ஜப்பானில் பிசிபி கசிந்து கலந்த தவிட்டெண்ணெயைச் சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

கொள்ளளவி செய்த இடத்தில் என்ன நடந்தது? நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரம் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் இரண்டு கொள்ளளவித் தொழிற்சாலைகள் இருந்தன. 1947 முதல் 1977 வரை அவற்றிலிருந்து 13 இலட்சம் இறாத்தல் வரை பிசிபி ஆற்றுக்குள் போயிருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் மதிப்பீடு. 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஆறு இருந்தது, ஆனால் மீனைச் சாப்பிட முடியவில்லை. அடிச்சேற்றைத் தோண்டி அகற்றும் வேலை 2009இல்தான் தொடங்கி 2015 வரை நடந்தது.

பிசிபி உற்பத்தியை அமெரிக்கா 1979இல் தடைசெய்தது. அந்த ‘பிசிபி இல்லை’ வரியும் இந்தக் காலத்துக்குரியதுதான். 1978 யூலை முதல் 1998 யூலை வரை அங்கு செய்யப்பட்ட, பிசிபி இல்லாத சிறிய கொள்ளளவிகளில் அப்படி அச்சிட வேணும் என்பது சட்டம். கட்டாயம் முடிந்த பிறகும் வழக்கம் போகவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. வேலை செய்யாத பொருளில்தான் நாங்கள் பிழை தேடுவோம். பிசிபி நிரப்பிய கொள்ளளவி நன்றாக வேலை செய்தது. ஏசி ஓடியது, வீடு குளிர்ந்தது, முறைப்பாடு வரவில்லை. வீட்டுக்குள் வைத்த மீற்றருக்கு ஆற்றில் இருந்த பிழை தெரியாது. அந்தத் திரவத்தின் பெரிய நல்ல குணமான சிதையாமைதான் மண்ணிலும் மீனிலும் மனித உடலிலும் அதை அழியாமல் வைத்தது.

இலங்கை 2005இல் ஏற்றுக்கொண்ட ஸ்ரொக்ஹோம் சமவாயம், கருவிகளில் பிசிபி பாவிப்பதை 2025க்குள் நிறுத்தவும், பிசிபிக் கழிவை 2028க்குள் பாதுகாப்பாகக் கையாளவும் நாடுகளைக் கேட்கிறது. இன்றைய ஏசிக் கொள்ளளவிகளில் பிசிபி இல்லை, அவை பெரும்பாலும் பிளாஸ்ரிக் படலத்தால் ஆனவை. ஆனால் 1970களில் வந்த பழைய கருவிகள் எங்காவது களஞ்சியத்திலோ பழைய இரும்புக் கடையிலோ கிடக்கலாம். அப்படியொரு பேணி கைக்கு வந்தால் உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அடுத்தமுறை ஏசி திருத்துபவர் புதுசைப் போட்டுவிட்டுப் பழசைப் பையில் வைக்கும்போது, அது எங்கே போகுது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.