தீவகத்தின் கதவை அடைத்தபோது

ஓர் ஊரை முடக்குவதற்கு ஆதரவளிக்கும் அரசியல்வாதியை அவ்வூரவர் இலகுவில் மன்னிப்பதில்லை. முடிவெடுத்தவர் கொழும்பில் இருப்பார். பதில் கூற வேண்டியவரோ கடைத்தெருவில் நிற்கும் பிரதேச சபை உறுப்பினராக இருப்பார். 2020 ஒக்டோபரில் புங்குடுதீவு முடக்கப்பட்ட நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முரண்பாடே முதலில் தோன்றுகிறது.

அந்த மாதத் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனாக் கொத்தணி வெளிப்பட்டது. அங்கு பணியாற்றி ஊர் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், புங்குடுதீவு தனிமைப்படுத்தப்பட்டது. பேருந்தில் உடன் பயணித்தவர்கள் தேடப்பட்டனர்.

வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியாகவே புங்குடுதீவுக்குச் செல்லலாம். அதன் மறுமுனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. ஆகவே புங்குடுதீவை அடைப்பது ஒரு தீவை மட்டும் அடைப்பதாகாது. அதற்கு அப்பாலுள்ள இரு தீவுகளின் வாசலிலும் கைவைப்பதாகும். கடும் நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நெடுந்தீவார் முதலில் கடலைக் கடக்க வேண்டும்.

தொற்றுக்குத் தடுப்பு அரண் அமைப்பது தீவகத்துக்குப் புதிதன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளருக்கான வைத்தியசாலையாகவும் அது பயன்பட்டது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியதை அடுத்து, 1897இல் இலங்கையின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அந்தப் பழைய சட்டமே 2020இலும் இலங்கை அதிகாரிகளின் கையில் இருந்தது.

ஆனால் தீவக மக்களின் மனத்தில் பதிந்திருப்பது 1897 அன்று, 1990. அவ்வாண்டில் போர் மீண்டும் மூண்டது. அதன் பின் தீவுகள் படையினர் வசமாயின. மக்களிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இதை வாசிக்கும் புங்குடுதீவார் பலருக்கு அந்தப் போர்க்காலமே ஊரைப் பிரிந்த காலம். வீதித்தடையும் சோதனைச்சாவடியும் எத்தகையவை என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரோனாத் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை வகித்தபோது, சுகாதார நடவடிக்கை எது, படை நடவடிக்கை எது என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

இந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டிய மாகாண சபையும் அப்போது இல்லை. 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட துறை. எனினும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் இருந்தனர். மக்கள் தெரிவுசெய்த மாகாண சுகாதார அமைச்சர் இருக்கவில்லை. ஊர் மட்டத்தில் எஞ்சியிருந்தவை 2018இல் தெரிவான வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளே. ஊரை மூடும் அதிகாரமோ திறக்கும் அதிகாரமோ அவற்றிடம் இருக்கவில்லை.

அப்படியானால் அச்சபை உறுப்பினர் ஒருவர் முடக்கத்தை ஏன் ஆதரிக்க வேண்டும்? நான் காணும் நியாயம் இதுதான். போரின் பின் தீவுகளில் எஞ்சியோரில் முதியோர் பலர். தீவிர சிகிச்சை வசதி கடலுக்கும் பண்ணைப் பாலத்துக்கும் அப்பால் உள்ளது. நோய் ஒருமுறை உள்ளே பரவிவிட்டால் படகும் அம்புலன்சும் ஈடுகொடுக்க மாட்டா. இதை அவர் மக்களிடம் நேரில் சொல்ல வேண்டும். கூடவே, எத்தனை நாள் முடக்கம், கடற்றொழிலாளியின் அன்றாட உழைப்புக்கு என்ன ஈடு, நெடுந்தீவின் கர்ப்பிணித் தாய்க்கு எந்தப் படகு என்பவற்றையும் அதிகாரிகளிடம் கேட்டுப் பெற்றுச் சொல்ல வேண்டும். தொற்றியவர் குற்றவாளி அல்லர் என்பதை முதலிற் சொல்ல வேண்டும். இவற்றைக் கேளாமல் தரும் ஆதரவு, ஆணையை ஒலிபெருக்கியில் வாசிப்பதற்குச் சமம்.

விளக்கமில்லாத ஆணைக்கு என்ன நேரும் என்பதை அயலிலுள்ள இரணைதீவு காட்டியது. 1992இல் வெளியேற நேர்ந்து, 2018இலேயே தம் மண்ணில் மீளக் காலூன்றிய கிளிநொச்சி மாவட்டத் தீவு மக்கள் அவர்கள். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துவந்த அரசு, அக்கொள்கையைக் கைவிட்டதும், 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில் அடக்கத்துக்கு இரணைதீவைத் தெரிவுசெய்தது. அங்குள்ள மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் எதிர்த்தனர். தம் உறவினரைத் தொலைதூரத் தீவில் அடக்க நேருவதை முஸ்லிம்களும் விரும்பவில்லை. சில நாட்களிலேயே அடக்கம் கிழக்கின் ஓட்டமாவடிக்கு மாறிற்று. துயருற்ற இரு சமூகங்களை எதிரெதிரே நிறுத்திய முடிவு அது. எந்தத் தரப்பையும் முன்கூட்டிக் கேட்டிருந்தால் அது எடுக்கப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

புங்குடுதீவின் முடக்கம் பின்னர் நீக்கப்பட்டது. தாம்போதியில் பேருந்துகள் மீண்டும் ஓடின. அடுத்த தொற்று எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. அது வரும்போது, தாம்போதியை அடைக்கும் முன் அங்குள்ள மக்களுடன் பேச, அவர்களால் தெரிவுசெய்யப்பட்டு, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும். 2020இல் தீவகத்துக்குப் போதாமல் இருந்தது அதுவே.