காலியாக விட்ட பாதி



விஞ்ஞானக் கண்காட்சிக் காலம் நெருங்குகிறது. ரெஜிபோம் தேடி வாப்பாமார் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன் ஒரு வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1958 ஜனவரி 31ஆம் திகதி அமெரிக்கா தனது முதலாவது செய்மதியான எக்ஸ்புளோரர் 1ஐ அனுப்பியது. அதற்குள் கதிர்வீச்சை எண்ணும் கைகர் மானி ஒன்று இருந்தது. ஐயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் அலனும் அவரது மாணவர்களும் உருவாக்கிய கருவி அது. செய்மதி தாழ்வாகப் பறக்கும்போது மானி ஒழுங்காக எண்ணியது. உயரே போனதும் பூச்சியம் காட்டியது. மார்ச் மாதம் போன எக்ஸ்புளோரர் 3இலும் இதே கதைதான்.

கருவி பழுது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கார்ல் மக்கில்வைன் என்ற மாணவர் அதேபோன்ற ஒரு மானியை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் வைத்துச் சோதித்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவுக்கு மிஞ்சினால் மானி திணறிப்போய் எண்ணுவதையே நிறுத்திவிடும் என்று தெரிந்தது. அப்படியானால் அந்தப் பூச்சியத்தின் பொருள் ‘ஒன்றுமில்லை’ என்பதல்ல, ‘எண்ண முடியாத அளவு’ என்பதே. பூமியைச் சுற்றியுள்ள வான் அலன் கதிர்வீச்சுப் பட்டிகள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

பூமியில் வளிமண்டலமும் காந்தப்புலமும் நமக்கு அரண். அல்ஹம்துலில்லாஹ். அந்த அரணைத் தாண்டிச் சந்திரனுக்கோ செவ்வாய்க்கோ போகிறவருக்குத் தனிக் கவசம் வேண்டும். ஈயத்தால் சுற்றிவிட்டால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. ஒன்று, பாரம். மற்றது, அதிவேக அண்டக் கதிர்கள் பாரமான உலோகத்தில் மோதும்போது புதிய துணிக்கைகள் சிதறும். தண்ணீர், பொலித்தீன் போன்ற ஐதரசன் நிறைந்த பொருட்களே இதற்கு ஓரளவு நல்லவை. அவற்றையும் இங்கிருந்துதான் சுமந்து போக வேண்டும்.

இனி செர்னோபில். 1986இல் அங்கே அணு உலை வெடித்தது. சில வருடங்களுக்குப் பின், அந்தக் கட்டடத்தின் சுவர்களில் கறுப்புப் பங்கசு வளர்ந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கறுப்புக்குக் காரணம் மெலனின். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே மெலனின். இத்தகைய பங்கசுகள் சில கதிர்வீச்சு பட்டால் இன்னும் நன்றாக வளர்கின்றன என்று 2007இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வயதுடைய மாணவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். விண்வெளியில் தானே வளரும் கவசமாக இந்தப் பங்கசு உதவுமா என்பதுதான் அவர்களது கேள்வி. 2018இன் இறுதியில் அவர்களது பரிசோதனை சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. அதில் பெரிய ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒரு பெட்ரி கிண்ணம். அதில் ஏகார், அதாவது நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி. ஒரு பாதியில் பங்கசு. மற்றப் பாதியில் வெறும் ஏகார் மட்டும். இரண்டு பாதிக்கும் கீழே தனித்தனியாகக் கதிர்வீச்சை அளக்கும் உணரிகள். படம் பிடிக்க ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் காலிப் பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. அது இல்லாவிட்டால் அளவீட்டை எதனோடு ஒப்பிடுவது? சுமார் ஒரு மாதம் பார்த்தார்கள். பங்கசு இருந்த பக்கம் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 சதவீதம் குறைவு. படலத்தின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கும் குறைவு.

2020இல் இந்த ஆய்வின் முன்வரைவு வெளிவந்தபோது தலைப்பிலேயே ‘தானே பெருகும் கதிர்வீச்சுக் கவசம்’ என்று இருந்தது. பத்திரிகைகளும் அதைக் கொண்டாடின. 2022இல் ஆய்விதழில் வந்தபோது தலைப்பு அடங்கியிருந்தது. விண்வெளி நிலையத்தில் பங்கசை வளர்த்ததும், அதன்மீது கதிர்வீச்சின் தாக்கமும் என்ற அளவில் நின்றது. கையிலிருந்த ஆதாரம் எவ்வளவோ, அவ்வளவுதான் பேச்சும். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

இப்போது என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு கண்காட்சியில் நானும் ஒரு நடுவர். தரம் 9 பிள்ளை ஒருத்தி இரண்டு தட்டுகளில் பயறு முளைக்க வைத்திருந்தாள். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குக் குழாய்த் தண்ணீர். “வித்தியாசம் பெரிசா இல்ல சேர்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். நான் புள்ளியைக் குறைத்தேன். புகையும் மின்குமிழுமாக நின்ற எரிமலைக்கு முதலிடம் கொடுத்தோம். அந்த எரிமலையை யார் செய்தது என்று நான் கேட்கவே இல்லை.

இந்த முறை என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்விதான் கேட்பேன். உன் கேள்வி என்ன? எதனோடு ஒப்பிட்டாய்? விடை பூச்சியமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுப் புள்ளியும் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வாப்பாமாரே, உம்மாமாரே, ரெஜிபோம் வாங்கும் காசில் இரண்டு தட்டு வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.