இளவரசியின் தொப்பி

எலிசபெத் ராணி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு, 1997-இல் சென்னையில் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவுக்கு வந்த அம்மையார்தான் நினைவுக்கு வருவார். நான் சொல்லப்போவது அதற்கு 52 வருடம் முந்தைய சங்கதி. அப்போது அவருக்கு வயது 19.

1945 பிப்ரவரியில் ஏ.டி.எஸ். என்ற பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்திருந்தார். லாரி ஓட்டவும் டயர் மாற்றவும் எஞ்சினைப் பழுது பார்க்கவும் பயிற்சி. ஆனால் மற்றப் பெண்களெல்லாம் முகாமிலேயே தங்க, இவர் மட்டும் ராத்திரி வின்ட்சர் கோட்டைக்குத் திரும்பிவிடுவார். காக்கி உடுப்பு போட்டும் பத்தோடு பதினொன்றாக இருக்கக் கொடுத்துவைக்கவில்லை.

மே 8. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது என்று பிற்பகல் 3 மணிக்குச் சர்ச்சில் வானொலியில் அறிவித்தார். (பர்மாவில் நம்மவர்கள் இன்னும் சண்டையில்தான் இருந்தார்கள். ஜப்பான் பணிய ஆகஸ்ட் ஆயிற்று.) லண்டனில் அரண்மனை வாசலில் கூட்டமான கூட்டம். ராஜா குடும்பம் 8 தடவை பால்கனிக்கு வந்து கையசைத்தது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எலிசபெத்துக்கும் 14 வயதுத் தங்கை மார்கரெட்டுக்கும் கீழே போய்ப் பார்க்க ஆசை. பெற்றோரிடம் அனுமதி கேட்டார்கள். பாவம், குழந்தைகள் இதுவரை ஒரு சந்தோஷத்தையும் கண்டதில்லை என்று அன்று டைரியில் எழுதியவர் அந்தத் தகப்பனார். சரி என்றுவிட்டார். யுத்தம் தொடங்கியபோது மூத்தவளுக்கே 13 வயதுதானே!

பிறகு நடந்ததை 40 வருடம் கழித்து, 1985-இல், ராணியே பி.பி.சி.க்குச் சொல்லியிருக்கிறார். சுமார் 16 பேராகக் கிளம்பினார்கள். யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று ஒரே பயம். சீருடைத் தொப்பியைக் கண் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டார். கூட வந்த கிரெனேடியர் படை அதிகாரி ஒருவர், ஒழுங்காக உடுத்தாத அதிகாரியோடு என்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம்! அரண்மனையில் இளவரசி; படையிலோ கடைசிப்படி அதிகாரி. தொப்பியை நேராக வைக்க வேண்டியதாயிற்று.

முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்து வைட்ஹால் தெருவில் நடந்தார்கள். இவர்கள் கூட்டத்தில் ஒருவர் டச்சு மாலுமி ஒருவனோடு தொப்பியை மாற்றிக்கொள்ள, பாவம் அவன், தன் தொப்பி திரும்பக் கிடைக்கும்வரை பின்னாலேயே வந்தானாம்.

கடைசியில் கிரீன் பார்க்கைக் கடந்து அரண்மனை வாசலுக்கே வந்து, "ராஜா வரவேண்டும்!" என்று ஜனங்களோடு சேர்ந்து கத்தினார்கள். ராஜா வந்தார், ராணியும் வந்தார். அதில் ஒரு சின்னத் தில்லுமுல்லு உண்டு. நாங்கள் வெளியே காத்திருக்கிறோம் என்று முன்னதாகவே உள்ளே ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்கள்!