பெரும்பான்மை வென்ற மறுநாள்: பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பிந்தைய பிரித்தானியா

2016 ஜூன் 23 அன்று ஐக்கிய இராச்சியத்தின் வாக்காளர்கள் முன் ஒரே ஒரு கேள்வி வைக்கப்பட்டது: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா? வெளியேற வேண்டும் என்று 51.9 விழுக்காட்டினரும், நீடிக்க வேண்டும் என்று 48.1 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். இரண்டு தரப்புக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 12.7 இலட்சம் வாக்குகள். மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரூன் பதவி விலகலை அறிவித்தார். நாடு முறைப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்றுதான். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளும் தெருவிலும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கருத்து மோதல் ஓயவில்லை.

அந்த மோதலை ‘நீடிப்பா, வெளியேற்றமா’ என்ற சண்டையாக மட்டும் பார்த்தால் அதன் உள்ளடக்கம் புலப்படாது. ஒரு நாள் கூடிய பெரும்பான்மைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, தோற்ற தரப்புக்கு மறுத்துப் பேசும் உரிமை எதுவரை உண்டு, வாக்களிக்கவே உரிமையற்றவர்களை யார் காப்பது என்பவையே அதன் அடிப்படைக் கேள்விகள். சாதி எதிர்ப்பு இயக்கத்தினருக்கு இவை புதியவை அல்ல. பிரித்தானியாவில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்யக் கோரிய போராட்டமும் இதே ஆண்டுகளில்தான் முடிவுக்குத் தள்ளப்பட்டது.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

இவ்வாக்கெடுப்பு 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பொதுவாக்கெடுப்புச் சட்டத்தின்படி நடந்தது. முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றோ, குறைந்தபட்ச ஆதரவு இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்றோ அச்சட்டம் கூறவில்லை. முன்பு ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் அமைப்பது குறித்து 1979இல் நடந்த வாக்கெடுப்பில் அத்தகைய வரம்பு இருந்தது. அப்போது 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஆயினும், பதிவுபெற்ற வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு கிட்டவில்லை என்று கூறித் திட்டம் கைவிடப்பட்டது. 2016இல் வாக்குப்பதிவு 72.2 விழுக்காடு. பதிவுபெற்ற வாக்காளர் அனைவரையும் கணக்கில் கொண்டால், வெளியேற்றத்துக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரே.

யார் வாக்காளர் என்பதும் சர்ச்சைக்குரியதாக இருந்தது. பிரித்தானியாவில் வசித்த இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். அங்கேயே உழைத்து வரி செலுத்திய போலந்து, ருமேனியா நாட்டவர்கள் வாக்களிக்க இயலாது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் நீங்கலாக, 30 இலட்சம் அளவிலான ஐரோப்பியக் குடிமக்களின் வாழ்வுரிமை அவர்களைக் கேட்காமலேயே முடிவு செய்யப்பட்டது. 2014இல் ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பில் பங்கேற்ற 16, 17 வயதினருக்கும் இம்முறை இடமில்லை.

இரு தரப்பின் நியாயங்கள்

வெளியேற்றத்தை ஆதரித்தோரை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் பிழையானது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு, 2010க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளால் நூலகங்களும் நலத்திட்டங்களும் சுருங்கிய ஊர்கள் பல வெளியேற்றத்தின் பக்கம் நின்றன. தங்கள் வாக்கால் எதுவும் மாறுவதில்லை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, ஒவ்வொரு வாக்கும் சமமாக எண்ணப்பட்ட அரிய தருணம் அது. மக்கள் எடுக்கும் முடிவைச் செயல்படுத்துவோம் என்று அரசே வீடுதோறும் அனுப்பிய துண்டறிக்கையில் உறுதியளித்திருந்தது. அந்த உறுதியை மீறுவது ஏழைகளின் வாக்கைச் செல்லாததாக்குவதே என்ற அவர்களின் வாதத்தில் வலு இருந்தது.

தெற்காசிய வம்சாவளியினரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. அவர்கள் பெருமளவில் வாழும் லூட்டன், பிராட்ஃபோர்ட், ஸ்லாவ் ஆகிய பகுதிகளில் வெளியேற்றமே வென்றது. லெஸ்டரில் நீடிப்பு மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்றது. ஐரோப்பியர்களின் வருகை குறைந்தால் தெற்காசியச் சமையற்கலைஞர்களுக்கு விசா எளிதாகும் என்ற பரப்புரையும் நடந்தது. ஒரு குடியேறிய சமூகத்துக்கு எதிராக இன்னொரு குடியேறிய சமூகத்தை நிறுத்தும் உத்தி அது. படிநிலைச் சமூகத்தில் வாழும் நமக்கு அந்த உத்தி நன்கு பழக்கமானது.

நீடிப்பை ஆதரித்தோர் வேறொரு நியாயத்தை முன்வைத்தனர். வெளியேறுவது என்று முடிவானாலும் எப்படி வெளியேறுவது என்பதை அந்த ஒற்றைக் கேள்வி சொல்லவில்லை. ஒற்றைச் சந்தையில் இருப்பதா, சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, எந்த உடன்பாடும் இன்றி விலகுவதா என்பவற்றுக்கு மக்களின் விடை கேட்கப்படவில்லை. எனவே இறுதி ஒப்பந்தத்தை மீண்டும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்றனர். இரண்டாம் வாக்கெடுப்புக் கோரும் மனுவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். வெளியேற்ற அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோரிய 2019ஆம் ஆண்டு மனுவில் அந்த எண்ணிக்கை 60 இலட்சத்தைக் கடந்தது.

நீதிமன்றமும் நாடாளுமன்றமும்

நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வெளியேற்ற அறிவிப்பை அரசு அனுப்ப முடியாது என்று ஜினா மில்லர் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2016 நவம்பர் 3 அன்று உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறுநாள் ‘டெய்லி மெயில்’ நாளேடு மூன்று நீதிபதிகளின் படங்களை வெளியிட்டு, அவர்களை மக்களின் எதிரிகள் என்று முதற்பக்கத்தில் தலைப்பிட்டது. அன்றைய பிரித்தானியக் கயானாவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் மில்லர். அவர்மீது இனவெறி வசைகளும் கொலை மிரட்டல்களும் குவிந்தன. அவரை வாகனம் ஏற்றிக் கொல்பவருக்குப் பணம் தருவதாக முகநூலில் எழுதிய பிரபு ஒருவர் 2017இல் 12 வாரச் சிறைத்தண்டனை பெற்றார். 2017 ஜனவரி 24 அன்று உச்சநீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

தெரசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. மார்ச் மாதத்தில் மேலும் இருமுறை தோற்றது. அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு முடக்க முயன்றார். அது சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் 2019 செப்டம்பர் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு டிசம்பர் தேர்தலில் ஜான்சனின் கட்சி 365 இடங்களில் வென்றதால் வெளியேற்றம் உறுதியானது.

பிளவு ஒன்றியத்துக்குள்ளும் பாய்ந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேற்றத்தை ஆதரித்தன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் நீடிப்பதையே விரும்பினர். சிறிய நாடுகள் இரண்டும் பெரிய நாட்டின் எண்ணிக்கைக்குள் கரைந்தன. 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கையால் அமைதி கண்ட வட அயர்லாந்தில், எல்லைச் சோதனை எங்கே நடப்பது என்பதே பெரும் பூசலானது.

வெறுப்பின் சுமை யார்மீது விழுந்தது

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நீடிப்பை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸை வெள்ளையின மேலாதிக்கவாதி ஒருவர் கொன்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 ஜூலையில் காவல்துறை பதிவு செய்த இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 41 விழுக்காடு அதிகம். ‘வெளியேற்றம்’ என்ற சொல் ஒன்றியத்தைக் குறித்தது. தெருவில் அது போலந்துக்காரரையும் முஸ்லிமையும் கறுப்பினத்தவரையும் நோக்கி வீசப்பட்டது. வெளியேற்றத்துக்கு வாக்களித்த தெற்காசியரையும் அது விட்டுவைக்கவில்லை. இனவாதம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டெண்டாயி அச்சியூமே 2018இல் பிரித்தானியாவில் ஆய்வு செய்து, வாக்கெடுப்பைச் சூழ்ந்த அரசியல் சிறுபான்மையினரின் பாதுகாப்பின்மையைக் கூட்டியதாகச் சுட்டிக்காட்டினார்.

கிடப்பில் போடப்பட்ட சாதிச் சட்டம்

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சாதியை இனப் பாகுபாட்டின் ஒரு கூறாகச் சேர்க்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. தலித் அமைப்புகளின் தொடர் முயற்சியாலும் பிரபுக்கள் அவையின் வற்புறுத்தலாலும் 2013இல் அந்த அதிகாரம் கட்டாயக் கடமையாக மாற்றப்பட்டது. ஆனால் அரசு அதை நிறைவேற்றவில்லை. இதற்கிடையே, பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவரின் வழக்கில், சாதி சில சூழல்களில் ‘இனவழித் தோற்றம்’ என்பதற்குள் அடங்கக்கூடும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014இல் கூறியது. அடுத்த ஆண்டு அவருக்குக் கூலி நிலுவையாக மட்டும் 1,83,000 பவுண்டுக்கு மேல் வழங்க ஆணையிடப்பட்டது.

சாதிச் சட்டம் குறித்த பொதுக் கருத்துக்கேட்பு 2017 மார்ச் 28 அன்று தொடங்கியது. மறுநாள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேற்ற அறிவிப்பு அனுப்பப்பட்டது. 16,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. இந்து அமைப்புகள் பல சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. 2018 ஜூலை 23 அன்று, சட்டம் தேவையில்லை, மேற்சொன்ன தீர்ப்பே போதும் என்று கூறிய அரசு, 2013ஆம் ஆண்டின் கடமையையும் நீக்கப்போவதாக அறிவித்தது. இதற்கு ஒரு மாதம் முன்பு இயற்றப்பட்ட வெளியேற்றச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தை உள்நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கியிருந்தது. சமூகத் தோற்றம், பிறப்பு ஆகியவற்றின் பேரால் பாகுபாடு கூடாது என்று அச்சாசனத்தின் 21ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. ஒன்றியச் சட்டங்கள் செல்லுபடியாகும் எல்லைக்குள்ளேயே அதற்கு வலிமை இருந்தது என்பது உண்மை. எனினும் சாதியை எதிர்த்து வாதாடுவோர் பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பிடிமானம் இழக்கப்பட்டது.

சாதிச் சட்டம் கைவிடப்பட்டதற்குப் பிரெக்சிட்டே காரணம் என்று கூறிவிட முடியாது. தயக்கம் அதற்கு முன்பே இருந்தது. நமக்கான பாடம் வேறு. நாடு முழுவதும் பெரும்பான்மையின் விருப்பம் எது என்று வாதிட்ட ஆண்டுகளில், சிறிய சமூகம் ஒன்றின் உரிமை எதிர்ப்புக் குரல்களின் முன் ஓசையின்றிக் கைவிடப்பட்டது.

அரசியல் பெரும்பான்மை மாறக்கூடியது, பிறப்பால் அமையும் வகுப்புவாதப் பெரும்பான்மை மாறாதது என்று அம்பேத்கர் வேறுபடுத்திக் காட்டினார். பிரெக்சிட் பெரும்பான்மை முதல் வகையைச் சேர்ந்தது. ஆகவேதான் தோற்றவர்கள் மனு கொடுக்கவும் வழக்காடவும் ஊர்வலம் செல்லவும் மீண்டும் வெல்லலாம் என்று நம்பவும் முடிந்தது. அந்த நம்பிக்கைக்கே வழியற்றவர்களாக இருந்தவர்கள் வாக்கற்ற குடியேறியவர்களும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களும்தாம். ஒரு வாக்கெடுப்பு நேர்மையானதா என்பதை வென்றவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. அதன் மறுநாள் இவர்களின் உரிமைக்குச் சட்டம் எவ்வளவு துணை நிற்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.